டிராயிங்கில் இருந்த சுவர்

என் பணிக்காலத்தில் நானே எழுதிய ரிப்போர்ட்டைத் தப்பு என்று சொன்னது ஒரே ஒரு நாள்தான்.

எங்கள் அலுவலகம் கொடைக்கானலில் இருந்தது. அந்தமான் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தால் நம் மீன்பிடித் துறைமுகங்களுக்குள் சுனாமி எவ்வளவு தூரம் ஏறும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுச் சொல்லும் வேலை. கடலை விட்டு ஏழாயிரம் அடி உயரத்தில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்தோம்.

ஒரு துறைமுகத்தின் ரிப்போர்ட்டை அனுப்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. மீன் ஏலக்கூடத்தில் தண்ணீர் ஏறாது, எச்சரிக்கை வந்தால் மக்கள் அங்கே கூடலாம் என்று எழுதியிருந்தேன்.

அன்று காலை ஜீப் சாவி வாங்க வந்த டிரைவர் பாண்டி, திரையைப் பார்த்து நின்றுவிட்டார். கொடைக்கானல் பக்கத்துக் கவுஞ்சி கிராமத்துக்காரர்.

“மேடம், இது என் தங்கச்சியக் கட்டிக் குடுத்த ஊருல்ல? இந்தக் கறுப்புக் கோடு என்னதுங்க?”

“கடல் தடுப்புச் சுவர்.”

“ஏலக்கூடத்துக்கு முன்னால செவரு ஏதுங்க? ஐஸ் லாரி போக வர இடிச்சுப்புட்டாங்களே. கல்லு அங்கனயே கெடக்கு.”

எங்களுக்கு வந்த துறைமுக டிராயிங்கில் சுவர் முழுசாக இருந்தது. அதைத்தான் மாடலில் போட்டிருந்தேன். பாண்டி உடனே மச்சானுக்கு வீடியோ கால் போட்டார். ஒரு லாரி தாராளமாக நுழையும் இடைவெளி. அதன் வழியே கடல். மச்சான் போனைத் திருப்பினார். ஏலக்கூட வாசலில் புது போர்டு: ‘பாதுகாப்பான இடம்’. அதன் கீழே பெண்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாடலில் சுவரைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மதியம் ரிசல்ட் வந்தது. ஏலக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர்.

“அப்ப என் தங்கச்சி…” என்றார் பாண்டி.

துறைமுக அதிகாரியை அழைத்தேன்.

“நாளன்னிக்கு சுனாமி ஒத்திகை மேடம். ஊரெல்லாம் சொல்லியாச்சு. நீங்கதான ரிப்போர்ட் குடுத்தீங்க?”

“நான்தான் சார். தப்பு என்னுது. போர்டை இன்னைக்கே எடுத்துருங்க.”

“அப்ப ஜனங்கள எங்க போகச் சொல்ல?” என்றார்.

“நானே வந்து பார்த்துச் சொல்றேன் சார்” என்றேன். பாண்டி ஜீப்பை எடுத்தார். மறுநாள் விடிந்ததும் துறைமுகத்தைச் சுற்றி ஒவ்வொரு தெருவாக நடந்து அளந்தேன். மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தின் மாடிதான் சரிப்பட்டது. ஒத்திகை அங்கே நடந்தது. பாண்டியின் தங்கை கைக்குழந்தையோடு படியேறிப் போவதைப் பார்த்தேன்.

மாடல் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பியது. அந்த ஊரும் அப்படித்தான் நம்பியது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கரையை நடந்து பார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.