டேங்க் மூடியில் ஒரு பிளாஸ்திரி

வண்டியை நிறுத்தியதும் பிரான்சி சிஸ்டர் உள்ளே வருவதில்லை. சைடு ஸ்டாண்டை அவர் நம்பமாட்டார். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கைப்பிடியைப் பூட்டி, பூட்டியதை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். அதன் பிறகு வண்டியை ஒரு சுற்று. கோயிலைச் சுற்றி ஓடும் எங்கள் கீழச் சித்திரை வீதியில் காலையில் எல்லோரும் எதையாவது வலம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பதால் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. முன்சக்கரத்து நட்டு, இன்ஜின் பக்கத்து போல்ட்டுகள், பேட்டரி மூடி என்று குனிந்து குனிந்து பார்ப்பார். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பாக ஒரு கோடு உண்டு, பாதி நட்டின் மேலும் பாதி அதை ஒட்டிய இரும்பின் மேலுமாக. கோடு நேராக இருந்தால் யாரும் தொடவில்லை. கோணியிருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சிவப்பு, நெயில் பாலிஷ். முப்பது வருட நர்ஸ் வாழ்க்கையில் ஒருநாளும் அதை நகத்தில் தடவியவர் இல்லை. ஆனால் பஞ்சும் கத்தரியும் ஊசியும் இருக்கிற பையில் ஒரு குப்பி எப்போதும் இருக்கும். "மொத மெக்கானிக்கு என் கார்புரேட்டரைக் கழட்டிட்டு எவன் வண்டியிலயோ இருந்த பழசை மாட்டி அனுப்பிட்டான் சார். பொம்பளைக்கு என்ன தெரியும்னு நெனச்சிருப்பான். அன்னையிலேருந்து கோடு."

ஊர் பொன்மலைப்பட்டி. வயது ஐம்பத்து மூன்று. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, இப்போது தில்லை நகரில் உள்ள ஒரு நர்சிங் சேவை நிலையத்தின் சார்பாக வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, டிரிப்ஸ் ஏற்றுவது என்று பார்க்கிறார். தினம் ஏழு வீடு. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரையால் காலில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் சிஸ்டர் வருவார். கட்டை அவிழ்த்துப் புண்ணைப் பார்த்ததும் அடுத்த பார்வை என் மேல் விழும்.

"நேத்து அப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?"

"ரெண்டு இட்லி, ரசம் சாதம்."

"அப்புறம்?"

அப்புறம் கோயிலிலிருந்து வந்த, வெல்லம் போட்ட அக்காரவடிசல் இரண்டு ஸ்பூன். அதை நான் சொன்னதில்லை. அவர் நம்பியதும் இல்லை. போகும்போது சமையலறைப் பக்கம் மூக்கை ஒருமுறை இழுத்துக்கொண்டு போவார். என் வீட்டில் நானே திருடனைப்போல நிற்க வேண்டியிருப்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அப்பாவின் கால் இன்னும் காலாக இருப்பது இந்தச் சந்தேகத்தால்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டித் தேதியும் நேரமும் எழுதுவது ஆஸ்பத்திரிப் பழக்கம். மருந்து பாட்டிலில் ஒட்டுவார், கட்டின் மேல் ஒட்டுவார். அவர் வீட்டில் தயிர்க் கிண்ணத்திலும் கேஸ் சிலிண்டரிலும்கூட ஒட்டியிருப்பதாக அவருடைய மகள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். வண்டியின் பெட்ரோல் டேங்க் மூடியும் தப்பவில்லை. யாராவது திறந்து பெட்ரோலை உறிஞ்சிவிட்டால் தெரிய வேண்டும் என்று மூடியின் விளிம்பில் சின்னதாக ஒரு காகிதப் பிளாஸ்திரியும் அதன்மேல் கையெழுத்தும் பல வருடங்களாக உண்டு. இந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் சாவித் துவாரம் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்று சந்தேகப்பட்டு, தண்ணீர் புகாத பிளாஸ்திரியாக வாங்கி மூடி முழுவதையும் மூடி ஒட்டினார்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. வீரியமான மருந்தை ஏற்றும்போது இரண்டு நர்ஸுகள் சரிபார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி வழக்கமாம். வீடுகளுக்குத் தனியாக வருகிறவர் என்ன செய்வது? சிஸ்டரின் நோட்டில் இரண்டு கட்டங்களிலும் அவர் கையெழுத்தே இருக்கும். முதலில் ஒன்று போடுவார். ஐந்து நிமிடம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்துவிட்டு இரண்டாவதைப் போடுவார். வீட்டுக்காரர்களைப் போடச் சொல்லலாமே என்றேன் ஒருமுறை. "யாரை நம்பிப் போடச் சொல்றது?" என்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

இப்படிப்பட்டவர் முழுதாக நம்பியது அந்த வண்டி ஒன்றைத்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் வாங்கிய நூறு சிசி மோட்டார் சைக்கிள். ஸ்கூட்டர் வாங்கச் சொன்ன கடைக்காரரை, ஏன் பெண்களுக்கு இதையே தள்ளிவிடப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாங்கியது. போன வருடம் பதினைந்து ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தபோது வண்டியைச் சோதித்த அதிகாரி, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றாராம். எதற்காக அப்படிச் சொன்னார் என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறார்.

பாலக்கரையில் மெக்கானிக் இம்தியாஸிடம் பதினாலு வருடமாக வண்டியை விடுகிறார். விடுகிறார் என்பது பேச்சுக்குத்தான். எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கழற்றுகிற ஒவ்வொரு திருகும் அவர் கொண்டுபோகிற எவர்சில்வர் தட்டில் விழ வேண்டும். மூடுவதற்கு முன்னால் எண்ண வேண்டும், ஆபரேஷன் முடிந்து பஞ்சை எண்ணுவதுபோல. இம்தியாஸ் பழகிவிட்டார். "வயித்துக்குள்ள எதையும் வெச்சித் தெக்கலக்கா, எண்ணிக்குங்க" என்று தட்டை நீட்டுவாராம். இதைச் சொல்லும்போது மட்டும் சிஸ்டரின் வாயோரம் லேசாக ஒரு சிரிப்பு வரும்.

ஐப்பசி இரண்டாவது வாரத்தில் அந்த வண்டி காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றது.

காலை எட்டு மணி. பின்னால் பஸ்கள் ஹாரனை அழுத்தின. ஓரமாகத் தள்ளி, பெட்ரோலைத்தான் எவனோ எடுத்துவிட்டான் என்று பிளாஸ்திரியைப் பிய்த்து மூடியைத் திறந்தார். பெட்ரோல் இருந்தது. மூடி, புதிய பிளாஸ்திரி ஒட்டி, தேதி எழுதி உதைத்தார். ஒன்றுமே நடக்காததுபோல வண்டி கிளம்பியது. இரண்டு நாள் கழித்து அதே பாலம். மறுபடி திறந்தார், ஒட்டினார், உதைத்தார், கிளம்பியது. "என்னைப் பாத்து நடிக்குது சார்" என்றார் என்னிடம்.

சந்தேகம் முதலில் பங்க்காரர் மேல் போனது. பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறான். பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தார், கலக்கவில்லை. அடுத்தது இம்தியாஸ். வண்டியை ஒப்படைக்கும்போது சிஸ்டர் பிளாஸ்திரியை அவர் கண்ணெதிரே பிய்த்து, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். திரும்பி வாங்கும்போது பார்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். இம்தியாஸ் காந்தி மார்க்கெட்டைச் சுற்றி அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான்க்கா இருக்கு" என்றார். பிளக்கை மாற்றினார்கள். காயிலை மாற்றினார்கள். மூன்று தடவையும் இம்தியாஸின் கையில் நிற்காத வண்டி, சிஸ்டர் கையில் பாலத்துக்கு வந்ததும் நின்றது.

"அதெப்படி அவன்கிட்ட மட்டும் நிக்கமாட்டேங்குது? ஏதோ பண்ணி விடுறான் சார். அப்பத்தான நான் திரும்பத் திரும்பப் போவேன்? கடைசியா போனப்ப நட்டை எண்ணாமலே எந்திரிச்சி வந்துட்டேன்." பதினாலு வருடத்தில் முதல் தடவை. எண்ணாமல் வந்ததுதான் கோபம் என்று எனக்குப் புரிந்தது. இம்தியாஸுக்கும் புரிந்திருக்கும்.

இதற்கிடையில் விஷயம் விளையாட்டில்லை என்று ஆகிவிட்டது. தில்லை நகரில் கமர் ஜஹான் என்றொரு அம்மாள், சிஸ்டர் வந்து இன்சுலின் போட்ட பிறகுதான் காலைச் சாப்பாட்டைத் தொடுவார். வண்டி நின்ற ஒருநாள் அவர் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒன்பதே முக்கால்வரை காத்திருந்து மயங்கிச் சாய்ந்தார். சிஸ்டர் போய்ச் சேர்ந்து, தேறவைத்தார். ஆனாலும் நிலையத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு தடவை தாமதமானால் ஏழு வீடும் வேறு ஆளுக்குப் போகும்.

மருமகன் ஆசீருக்கு கே.கே. நகரில் ஒரு வண்டி ஷோரூமில் வேலை. "அத்தை, இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துடுங்க. நானே வந்து எடுத்துட்டுப் போறேன்" என்றான். நல்ல பையன். நல்ல பையனாக இருப்பதே சிஸ்டருக்கு இடித்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று போன் பேசினானாம். அங்கே என்ன வேலை? சரி என்று ஷோரூமுக்கும் போய்ப் பார்த்தார். "எல்லாத்தையும் பிளாஸ்டிக் போட்டு மூடி வெச்சிருக்கான் சார். உதைக்க கிக்கர் இல்ல. உள்ள என்ன இருக்குன்னே தெரியல. எங்க கோடு போடுறது?"

ஆனாலும் வேறு வழியில்லை. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆசீர் வந்து வண்டியை எடுத்துப்போவது என்று முடிவானது. அன்று காலைதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமான சுற்றைச் சுற்றினார், ஆனால் குனியவில்லை.

"பதினாறு வருஷமா எங்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஆளு இதான் சார். இதுவும் ஆரம்பிச்சிடுச்சி." காபி வேண்டுமா என்று கேட்டேன். சர்க்கரை போடாமல் என்றார்.

அப்பாவின் உடம்பில் சத்துக் குறைந்து புண் ஆறாமல் இருந்ததால், வாரம் ஒருமுறை கண்ணாடி பாட்டிலில் ஒரு மருந்து ஏற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். சிஸ்டர் ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, குழாயைப் பொருத்தி, வழக்கம்போல அதன் ரப்பர் மூடியில் வெறும் ஊசி ஒன்றையும் குத்தினார். அப்பாவும் வழக்கம்போலக் கேட்டார். வாரா வாரம் கேட்பார், மறந்துவிடும்.

"ஏம்மா, அந்த வெறும் ஊசியை எதுக்குக் குத்தறே? மருந்து வெளியில ஒழுகிடாதோ?"

"ஒழுகாதுப்பா. பாட்டிலை நாலு பக்கமும் அடைச்சி வெச்சிருக்கான்ல? மருந்து கீழ எறங்கணும்னா மேல காத்து போகணும். காத்து போக வழி இல்லன்னா கொஞ்ச நேரம் நல்லா எறங்கும், அப்புறம்..." சிஸ்டர் நிறுத்தினார். "அப்புறம் நின்னுடும்."

கடைசி இரண்டு சொற்களை அவர் அப்பாவிடம் சொல்லவில்லை. ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை ஈரத்தில் டேங்க் மூடியின் மேல் பிளாஸ்திரி வெள்ளையாக, சுருக்கமில்லாமல், நாலு ஓரமும் நன்றாக அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது.

டிரிப்ஸ் ஏறும்போது அவர் ஆளை விட்டு நகரமாட்டார். அன்றும் நகரவில்லை. முக்கால் மணி நேரம், சொட்டுகளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரே ஒரு தடவை, "சார், மூடியைத் தொறக்கறப்பல்லாம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். ஆவின்னு நெனச்சேன்" என்றார். "காத்து உள்ள போன சத்தம் அது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. முப்பது வருடமாக ஆயிரக்கணக்கான பாட்டில்களுக்குக் காற்று வழி வைத்த கை அது.

ஊசியை எடுத்து, பஞ்சு வைத்து, கட்டின் மேல் தேதி எழுதி முடித்ததும் ஆசீருக்குப் போன் போட்டார். "சாயங்காலம் வர வேணாம்ப்பா. கோவம்லாம் இல்ல. ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு."

"இம்தியாஸ்கிட்ட சொல்லிடுங்க சிஸ்டர், பாவம்" என்றேன்.

"சொல்றேன். ஆனா அவனும் கண்டுபிடிச்சிருக்கணும்ல? மூடியில ஓட்டை எதுக்கு வெச்சிருக்கான்னு மெக்கானிக்குக்குத் தெரியாதா?" வாசல்வரை போய்த் திரும்பினார். "நான் பிச்சிட்டில்ல குடுத்தேன். அவன் ஓட்டறப்ப ஓட்டை தொறந்துல்ல இருந்திச்சி, எப்படித் தெரியும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

நான் பின்னாலேயே போனேன். பிளாஸ்திரியைப் பிய்த்துப் போடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பையிலிருந்து புதிய ஊசி ஒன்றை எடுத்து, உறையைக் கிழித்து, சாவித் துவாரத்துக்கு நேர் மேலே பிளாஸ்திரியில் குத்தினார். உஸ்ஸென்று மெல்லிய சத்தம் வந்தது. இரண்டு பேரும் குனிந்து கேட்டோம். பக்கத்தில் இன்னும் இரண்டு துளை போட்டார். பேனாவை எடுத்துத் தேதியும் நேரமும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

நான் புரியாமல் நின்றேன். "ரெண்டாவது கையெழுத்து" என்றார். "நீங்களும் பாத்தீங்கல்ல?"

அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். சிஸ்டர் குனிந்து அதைப் படித்தார். கட்டைவிரலால் என் கையெழுத்தை ஒருமுறை அழுத்தித் தேய்த்து, மை கலையவில்லை என்று பார்த்துக்கொண்டபின் வண்டியை உதைத்தார்.