ஹாஸ்டலில் இருந்த தம்பி

வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டும் மலர்விழி, பட்டறையில் மட்டும்தான் அழுவாள். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. வீட்டில் அழ முடியாது. அங்கே மகள் இலக்கியா இருந்தாள்.

மகன் தனுஷுக்குப் பதினாறு வயசு நடந்தபோது, ஒருநாள் காலையில் அக்காவுக்குக் காலேஜ் பஸ் போய்விட்டது. பரீட்சை நாள். "அப்பன் பைக்குல கொண்டுபோயி உட்டுட்டு வா சாமி" என்று அனுப்பியது மலர்விழிதான். தெருவில் அந்த வயசுப் பையன்கள் எல்லோரும்தான் ஓட்டினார்கள். லைசென்ஸ் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. ராசிபுரம் ரோட்டில் டிப்பர் ஒன்றை முந்தப் போன தனுஷ், எதிரே வந்த வேனைக் கவனிக்கவில்லை. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. தலையில் அடிபட்ட இலக்கியாவுக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பியபோது, தம்பியின் காரியமே முடிந்திருந்தது.

"தம்பி எங்க?" என்று குழறிக் கேட்டாள்.

"இப்பச் சொல்லாதீங்க, தாங்காது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல சேத்திருக்குது சாமி" என்றாள் மலர்விழி.

அந்த 'இப்ப' ஒரு வருசமாக நீண்டது. ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்றாள். பொங்கலுக்குக் கேட்டபோது, பரீட்சை என்றாள். அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லி வாயைக் கட்டியிருந்தாள்.

தனுஷ் படித்த பள்ளியில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் வைத்தார்கள். தலைமையாசிரியர் ஜெயபிரகாஷ் வீடு தேடி வந்தார். "பன்னெண்டாவது பசங்க வண்டியெடுக்க அவசரப்படறாங்க. இலக்கியா வந்து நின்னாவே போதுங்க" என்றார். அடிபட்டதில் ஒரு கால் இழுத்துக்கொள்ள, வீட்டுக்குள்ளேயே கிடந்த இலக்கியாவுக்கு வெளியே போக ஆசை. "போலாம்மா" என்றாள். மலர்விழி அவரைத் தெருவுக்கு அழைத்துப்போய், "பையன் பேச்ச மட்டும் எடுக்காதீங்க சார்" என்று கும்பிட்டாள். அவரும் ஆசிரியர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். பேச வந்த போக்குவரத்து அதிகாரியிடம் சொல்ல விட்டுப்போனது.

"இந்தப் பொண்ணப் பாருங்க" என்று கூட்டத்தில் இலக்கியாவைக் காட்டினார் அதிகாரி. "வண்டி ஓட்டின தம்பி அங்கேயே இறந்துட்டான். உங்க வயசுதான்."

இலக்கியா மெதுவாகத் திரும்பினாள். "அம்மா... யாரச் சொல்றாரு?"

மலர்விழி அவள் கையைப் பிடித்தாள். இலக்கியா உருவிக்கொண்டாள். அதிகாரிக்கு விளங்கிவிட்டது. பேச்சை முடிக்காமலே உட்கார்ந்தார்.

ஆட்டோவில் வரும்போது, "எப்ப?" என்று கேட்டாள் இலக்கியா.

"அன்னைக்கே சாமி. நீ நெனவில்லாம கெடந்த."

"என்னைய... அழக்கூட உடலியே."

அதன்பின் அம்மாவிடம் அவள் பேசவில்லை. லாரிக்குப் போயிருந்த அப்பா மதியழகன் ஓட்டத்தைப் பாதியில் விட்டு வந்தார். அவர் ஊட்டினால்தான் சாப்பிட்டாள். கடைசியில் ஒருநாள் காலையில், "எங்க வெச்சிருக்கீங்க அவன?" என்று அம்மாவைக் கேட்டாள்.

சுடுகாட்டு வழியெல்லாம் சீமைக்கருவேல முள். காலை இழுத்து நடப்பவளுக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டாள். தனுஷைப் புதைத்த இடத்தில் மண் அமிழ்ந்து, புல் முளைத்திருந்தது. இலக்கியா உட்கார்ந்து அதைத் தடவினாள்.

"ஹாஸ்டல்ல அவனுக்கு... நல்ல சோறு போடுவாங்களான்னு... நெதமும் நெனப்பேன்மா."

மலர்விழி மகள் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.