மண்கும்பான் கடலில கேட்ட என்ர பேர்

இண்டைக்கு மண்கும்பான் கடலில...

(பொறுங்கோ, உயிரோடதான் இருக்கிறன். இல்லாட்டி ஆர் எழுதிறது?)

போன வருசம் டொக்டர்மார் என்ர நெஞ்சுக்குள்ள, அடைச்ச ரத்தக்குழாயில, ஸ்பிரிங் வைச்சவை எல்லோ. அப்ப மனிசி நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைச்சவ. "இவருக்கு ஆயுசைக் குடு தாயே, கூட்டிக்கொண்டு வந்து காட்டுறன்" எண்டு.

அதுக்குத்தான் காலமை யாழ்ப்பாணத்தில வான் பிடிச்சு வெளிக்கிட்டனாங்கள். மண்கும்பானில ரயர் காத்துப் போச்சு. ஒட்டிக்கொண்டு வாறன், கடற்கரையில இருங்கோ எண்டு டிரைவர் சொல்லிப்போட்டுப் போயிட்டான்.

கடற்கரையில பார்த்தால், வாழைப்பழம் மாதிரி மஞ்சளாய் ஒரு ரப்பர் போட்!

ஆக்கள் குதிரையில இருக்கிற மாதிரி வரிசையாய் இருக்கிறது. முன்னால மெஷின் போட் இழுத்துக்கொண்டு பறக்கிறது.

உங்களுக்குத் தெரியும், நான் தீவுப்பக்கம், நாரந்தனையான். கடல் எனக்கு வீட்டுக் கிணத்தடி மாதிரி.

(வளர்ந்தது அப்பாவின்ர கடையில, பதுளையில. அங்க கடல் இல்லைத்தான். ஆனால் ரத்தம் உப்புத்தானே.)

மனிசிக்கு ஊர் கோப்பாய். செம்மண்ணும் வெங்காயமும் தெரிஞ்ச சனம். கலியாணம் கட்டின நாளில இருந்து, நான் சின்னனில ஊர்காவற்றுறையில இருந்து காரைநகருக்கு நீந்திப் போன கதையை அவவுக்குச் சொல்லிக்கொண்டு வாறன். போன தரம் சொல்லேக்க ரெண்டு சுறாவும் வந்து சேர்ந்திட்டுது.

ஏறுவம் எண்டன். முழுகிப்போட்டுக் கோயிலுக்குப் போற நேரத்தில இதென்ன விசர் எண்டா. கடலும் ஒரு முழுக்குத்தானே எண்டு நான் நியாயம் சொன்னன். சீலையைச் செருகிக்கொண்டு பின்னால ஏறினா.

மொத்தம் மூண்டு சோடி. நாங்கள், சுவிஸில இருந்து வந்த ஒரு சோடி, கைதடி வாத்தியாரும் மனிசியும்.

மூண்டு ஆம்பிளையளுக்கும் ஒரே மொட்டை, ஒரே தொந்தி, ஒரே செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட். (தொந்தியில நான்தான் முதலாம் பிள்ளை.) என்ர ஜாக்கெட் கிளிப் பூட்டுப்படேல்லை. கடலுக்கு என்னைத் தெரியும்தானே எண்டு விட்டிட்டன்.

மெஷின் போட் ஒரு வெட்டு வெட்டித் திரும்பிச்சுது. பனை உயரத்துக்கு ஒரு அலை!

வாழைப்பழம் பிரண்டிட்டுது. (வாத்தியார் ஒரு பக்கம் சரிஞ்சதுதான் காரணம் எண்டது என்ர தீர்ப்பு.)

தண்ணிக்குள்ள மூண்டு மனிசிமாரும் ஒரே குரலில "இஞ்சாருங்கோ!"

மூண்டு புருசன்மாரும் "ஓம்!"

எங்கட பக்கத்தில புருசன்ர பேரை மனிசி வாயால சொல்லக்கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். ஆனபடியால் எல்லாப் புருசனுக்கும் ஒரே பேர்தான்.

என்ர மனிசி ஒரு மொட்டையை ஜாக்கெட்டில பிடிச்சு உலுப்பி, "நெஞ்சில ஸ்பிரிங்கை வைச்சுக்கொண்டு உங்களுக்குத் துள்ளல் கேக்குதோ" எண்டு பேசியிருக்கிறா.

வாத்தியார் முழுக்கக் கேட்டிட்டு, "தங்கச்சி, எனக்குப் பிறஷர் மட்டுந்தான்" எண்டாராம்.

நான் எங்க? ஜாக்கெட் என்னை விட்டிட்டுத் தனிய நீந்திப் போயிட்டுது. நான் வாழைப்பழத்தின்ர மற்றப் பக்கம், அதில கட்டியிருந்த கைபிடிக் கயிறைப் பிடிச்சுக்கொண்டு கடலை ஆராய்ஞ்சுகொண்டு நிண்டனான்.

அதுக்குப் பிறகும் "இஞ்சாருங்கோ" கேட்டதுதான். ஆற்றையோ மனிசி ஆரையோ கூப்பிடுறா, நான் ஏன் குறுக்க போவான் எண்டு பேசாமல் இருந்தன். (வாய் நிறைய உப்புத்தண்ணி எண்டதும் ஒரு காரணம்.)

எல்லாரையும் மெஷின் போட்டில ஏத்திப்போட்டு, ரப்பர் போட்டைப் பிறகு வந்து எடுப்பம் எண்டு போட்காரன் இழுவைக் கயிறைக் கழட்டிப்போட்டான்.

என்ர மனிசி திருப்பியும் "இஞ்சாருங்கோ!"

பின்னால இருந்து சுவிஸ்காரரும் வாத்தியாரும் "ஓம், இருக்கிறம்."

ஐயா இருக்கிறார்தானே எண்டு போட்காரன் மெஷினை ஸ்டார்ட் பண்ணிப்போட்டான்!

இனி நடந்தது வாத்தியார் சொன்னது. மனிசி ரெண்டு மொட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாவாம். "இவை ஒருத்தரும் எங்கட அவர் இல்லை" எண்டாவாம். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ அக்கா எண்டு போட்காரன் சொல்ல, கையால வாயைப் பொத்திக்கொண்டாவாம். ஆயுசு கேட்டுப் போற வழியில, அந்த ஆயுசைத் தானே எப்பிடிக் குறைக்கிறது?

பிறகு கையை எடுத்தா.

"கனகசபாபதீ!"

சத்தியமாய்ச் சொல்லுறன், காரைநகரில கோயில் மணி அடிக்கிறவன் நிப்பாட்டிப்போட்டுத் திரும்பிப் பார்த்திருப்பான்.

அவ வாயால என்ர பேரை நான் அதுவரை கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில இடாப்பில பேர் கூப்பிட்ட மாதிரி என்ர ரெண்டு கையும் தன்பாட்டில உயர்ந்திட்டுது.

(கயிறு? அதை அப்பதான் யோசிச்சனான்.)

ஏழு பனை ஆழம். ஆனால் போட்காரன் குதிச்சு, நெஞ்சளவு தண்ணியில நடந்து வந்து என்னைத் தூக்கினான். அவ்வளவு உயரமான மனிசனை நான் கண்டதேயில்லை.

ரயர் ஒட்டின வானில போய், குறிகாட்டுவான் துறையில நயினாதீவுப் படகு ஏறினம். நடுக்கடலில மனிசி, "பேரைச் சொல்லிப்போட்டன்" எண்டா. என்னட்ட ஆயுசு மிச்சம் கிடக்கு, யோசியாதையும் எண்டன். சிரிக்கேல்லை.

கோயிலில ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். வழக்கம்போல மனிசி முழங்கையால என்னை இடிச்சா. நானே சொன்னன்.

"ரெண்டு அர்ச்சனை ஐயா" எண்டா.

"மற்றது ஆருக்கு?"

"அதுவும் இவருக்குத்தான். ஒண்டு நேர்த்திக்கு. மற்றது, காலமை கடலில நான் குறைச்சதுக்கு."

இப்ப யாழ்ப்பாணம் திரும்பி வந்து லொட்ஜில இருந்துதான் இதை எழுதிறன். கொஞ்சம் முந்தி மற்ற அறையில இருந்து, "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி" எண்டா.

இன்னொருக்கால் பேர் வருமோ எண்டு ஆசையில நான் மூச்சுக் காட்டேல்லை.

"இஞ்சாருங்கோ."

பேசாமல் இருந்தன்.

"இருக்கிறியளோ?" குரல் ஒரு மாதிரி நடுங்கிச்சுது.

"ஓம்" எண்டு உடனையே சொல்லிப்போட்டன்.

உங்கட வீட்டில எப்பிடி? மனிசி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாவோ? ஓமெண்டால், நீங்கள் எந்தக் கடலில விழுந்தனீங்கள்?