பாயிண்ட் நைனுக்கு உடம்பு சரியில்லை

லிஃப்ட் ஓட்டுகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். டாக்டரிலிருந்து தரை துடைக்கிற அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவர் பாயிண்ட் நைன்தான்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் காய்ச்சல், சளி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வருகிறவர்களைப் பார்ப்பார்கள். இரண்டாம் மாடியில் சிறுநீரக நோய்க்கு ஒரு புது மாத்திரை ஆராய்ச்சியில் இருந்தது; நாற்பத்தாறு நோயாளிகள் மாதாமாதம் வந்து அதை வாங்கிப் போவார்கள். மூன்றாம் மாடியில் லேப். எல்லாவற்றுக்கும் நடுவே, மர ஸ்டூலில் உட்கார்ந்தபடி, பதினோரு வருஷமாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தவர் இவர். நாள் முழுக்கப் பயணம், ஆனால் ஒரு ஊரும் வந்து சேரவில்லை என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார்.

பெயர் வந்த கதை சின்னது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒரு கழிவு உண்டு. சிறுநீரகம் ஒழுங்காக வடிகட்டினால் அந்த எண் ஒன்றை ஒட்டி நிற்கும். சிறுநீரகம் கெடக் கெட எண் ஏறும். அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷமே லேபுக்குப் புது மெஷின் வந்தது. வந்த அன்று, அது சரியாகப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ள லேபைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு ஒரு நல்ல உடம்பு தேவைப்பட்டது. கைக்கு எட்டிய நல்ல உடம்பு லிஃப்டில்தான் இருந்தது. ரத்தம் எடுத்தாள். பாயிண்ட் நைன். அடுத்த மாதமும் பாயிண்ட் நைன். ஜலதோஷத்தோடு வந்தாலும், பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும், மனுஷன் பாயிண்ட் நைனை விட்டு இம்மியும் அசையவில்லை.

லேப் அம்மாவுக்கு அவர்மேல் அசாத்திய நம்பிக்கை வந்துவிட்டது. மெஷினைச் சரிபார்ப்பதற்கென்று, உள்ளே இருக்கும் அளவை மேலேயே எழுதி, சீல் வைத்த குப்பிகள் கம்பெனியிலிருந்து வரும். அதை வரவழைப்பதையே நிறுத்திவிட்டாள். "லிஃப்ட்லயே ஒரு குப்பி உக்காந்திருக்கு, தனியா வேற எதுக்கு?" என்பாள். மாதம் பிறந்தால் முதல் ரத்தம் இவருடையது. பாயிண்ட் நைன் வந்தால் மெஷின் சரி. வராவிட்டால் வரும்வரை மெஷினைத் திருத்துவது. இப்படி ஒரு ஆராய்ச்சி நடந்தது, நடத்தியவர்கள் எல்லோரும் படித்தவர்கள்தான்.

அவருக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். "என் ரத்தத்த வச்சுத்தான் ஊருக்கே பாக்குறாங்க" என்று வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். "ஊருக்கே அளவா இருக்கறவரு, ஒழுகற குழாய ஒருநாள் பாக்கலாம்ல" என்பாள் மனைவி.

போன வருஷம் ஒரு மாதம், அவர் ரத்தத்துக்கு மெஷின் ஒன்று பாயிண்ட் ஆறு என்று காட்டியது.

லேப் அம்மா சிரித்தாள். "மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு." துடைத்தாள், உள்ளே இருக்கிற விளக்கை மாற்றினாள், அணைத்துப் போட்டாள். மறுபடியும் ஒன்று பாயிண்ட் ஆறு. சரி, இது சொன்ன பேச்சைக் கேட்காது என்று அளவைத் திருத்துகிற கணக்குப் பொத்தானை அழுத்தி அழுத்தி, எண்ணைப் பாயிண்ட் நைனுக்கு இறக்கிவிட்டுத்தான் ஓய்ந்தாள். அடுத்தடுத்த மாதங்களிலும் மெஷின் கொஞ்சம் ஏற்றிக் காட்டும், அவள் இன்னும் கொஞ்சம் இறக்குவாள்.

இவரை இறக்கினால் இவரோடு எல்லோரும் இறங்க வேண்டியதுதானே? நாற்பத்தாறு நோயாளிகளின் எண்ணும் மளமளவென்று இறங்கியது. ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டருக்கு வாயெல்லாம் பல். நாலு வருஷமாகத் தலைகீழாக நின்றும் அசையாத வியாதி, ஒரே மாதத்தில் அடங்கிவிட்டது. புது மாத்திரையின் மகிமை என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அந்த நாற்பத்தாறில் ஒருவர் பாயிண்ட் நைனின் மச்சான், மனைவியின் அண்ணன். சாவிக்கடைக்காரர். எண் இரண்டு பாயிண்ட் நாலில் நின்றிருந்ததால் நாலு வருஷமாக உப்பைக் கண்ணால்கூடப் பார்க்காமல், முகம் சுருங்கிப் போயிருந்தவர். அந்த எண் ஒன்று பாயிண்ட் நாலு ஆன அன்று, லிஃப்டுக்குள்ளேயே உப்புக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

"மாப்ள, நாக்குன்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு எனக்கு," என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

பாயிண்ட் நைன் சிரித்துவைத்தார். அவருக்குத்தான் செருப்பு இறுக்க ஆரம்பித்திருந்தது. காலையில் நுழைகிற கால் மத்தியானம் வெளியே வர மறுத்தது. சிறுநீரில் சோப்பு கரைத்த மாதிரி நுரை. பதினோரு வருஷம் நோயாளிகள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே மேலே போய்க் கீழே வந்தவர் அவர். இது என்ன என்று அவருக்குத் தெரியும்.

லேப் அம்மாவிடம் போனார். "எனக்கு கிட்னி போகுதுன்னு நினைக்கிறேம்மா."

"போன வாரம்தானே பாத்தோம், பாயிண்ட் நைன்."

"நீங்கதானே அந்த எண்ண வர வச்சீங்க."

"சரியா வர வச்சேன். இப்ப என்னோடதே பாருங்க, பாயிண்ட் நாலு. டாக்டருக்குப் பாயிண்ட் அஞ்சு. இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் கிட்னி எப்பிடி இருக்குன்னு நினைக்கறீங்க? தங்கம்."

டாக்டரிடம் போனார். "லிஃப்ட்ல நின்னுக்கிட்டே இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்றார் டாக்டர்.

"நான் ஸ்டூல்ல உக்காந்துதான் இருக்கேன் சார்."

"உக்காந்தே இருந்தாலும் வீங்கும். ஊர்ல யாருக்கு வேணும்னாலும் வியாதி வரலாம், உங்களுக்கு வராது. நீங்கதான் நார்மல். என் கட்டுரையில ரெண்டாம் பக்கத்துல இருக்கீங்க."

வெளியே ஒரு தனியார் லேபுக்குப் போய்ப் பார்த்தார். அங்கேயும் பாயிண்ட் நைன். ஆடிப்போய்விட்டார். விசாரித்தால், அந்த லேபுக்காரன் தன் மெஷினை மாதாமாதம் இந்த லேபின் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் திருத்துகிறானாம். எங்கே போனாலும் அவர் ரத்தம் அவருக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

நம்பியது மனைவி ஒருத்திதான். அவளுக்கு மெஷின் தேவைப்படவில்லை, செருப்பைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் அந்த மெஷினப் போய்க் கேக்கவா? யார் சட்டையப் பிடிச்சாவது சொல்லுங்க."

"சொன்னா உங்க அண்ணனுக்கும் சேத்துச் சொன்ன மாதிரி ஆயிடும்."

அண்ணன் நாலு வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் சிரிக்கிறான். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள், அணைந்திருந்த அடுப்பைத்தான்.

இரண்டு வாரம் கழித்து, வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மெஷின் எஞ்சினியர் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். தூசி தட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இருபது நிமிஷத்தில் கிளம்பிவிடுகிற ஆள். கதவு மூடப்போகும் நேரத்தில் மச்சானும் ஓடிவந்து ஏறினார். அன்று அவருக்கு மாதாந்திர ரத்தப் பரிசோதனை.

மச்சான் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லலாம் என்றால் அடுத்த வருஷம்தான் சொல்ல வேண்டும். அதுவரை இருந்தால். பாயிண்ட் நைன் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்தினார்.

"ரிப்பேரா?" என்றார் எஞ்சினியர்.

"லிஃப்ட் நல்லா இருக்கு சார். நான்தான் ரிப்பேர்." என்று ஆரம்பித்து, செருப்பு, நுரை, ஒன்று பாயிண்ட் ஆறு, கணக்குப் பொத்தான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். மச்சான் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

எஞ்சினியர் பையைத் திறந்து விரல் நீளத்துக்கு ஒரு குப்பியை எடுத்தார். "இதுல ஒண்ணுன்னு எழுதி சீல் வச்சிருக்கு. மெஷின்ல வச்சா ஒண்ணு வரணும். வரலன்னா, அவங்க மெஷின உங்க வியாதிக்குத் தகுந்த மாதிரி திருப்பியிருக்காங்கன்னு அர்த்தம்."

"அப்ப எங்க ரிப்போர்ட்டு?" என்றார் மச்சான்.

"எல்லாமே குறைச்சுக் காட்டியிருக்கும்."

மச்சான் லிஃப்டின் சுவரில் சாய்ந்துகொண்டார். "மாப்ள, நீ நல்லாத்தான் இருக்க. காத்தாட நடந்தா வீக்கம் வடிஞ்சிடும். நீ நல்லா இருந்தா நாங்க நாப்பத்தாறு பேரும் நல்லா இருப்போம்டா. கொஞ்சம் நல்லா இருந்துட்டுப் போயேன்."

இப்படியும் ஒரு மனுஷன் கெஞ்சுவானா என்று கேட்காதீர்கள். நாலு வருஷம் உப்பில்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

"இருந்தா இருக்க மாட்டேனா மச்சான்? முடியலயே," என்றார் பாயிண்ட் நைன். பதினோரு வருஷத்தில் அந்த லிஃப்டுக்குள் எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள், அவர் அழுதது அன்றுதான்.

மச்சான் குனிந்து அவர் காலைப் பார்த்தார். "கடையில மாஸ்டர் சாவி தேஞ்சிருந்தா," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார், "அதப் பாத்து வெட்டுற அத்தன சாவியும் வீண். பாக்க பளபளன்னு இருக்கும். பூட்டுல போட்டாத்தான் தெரியும்." கையை நீட்டி மூன்றாம் மாடிப் பொத்தானை அவரே அழுத்தினார்.

மேலே எஞ்சினியர் குப்பியை வைத்தார். மெஷின் பாயிண்ட் அஞ்சு என்றது.

"சரிபாதி," என்றார் எஞ்சினியர்.

குப்பிக்குத்தான் கோளாறு என்று சொல்ல லேப் அம்மா வாயைத் திறந்தாள். அவர் இன்னும் இரண்டு குப்பிகளை வரிசையாக எடுத்து வைத்ததும் மூடிக்கொண்டாள். மெஷினைப் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த டாக்டர், வந்த வேகத்தில் முதலில் தன் கையைத்தான் நீட்டினார். ஒன்று வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டவருக்கு அப்புறம்தான் தன் கட்டுரை ஞாபகம் வந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து மச்சானின் ரத்தம், அதற்கு அடுத்து பாயிண்ட் நைனுடையது. லேப் அம்மா காகிதத்தைக் கிழித்து மச்சானிடம் நீட்டினாள். அழுதுகொண்டிருந்தாள். மச்சான் அதை வாங்கவே இல்லை.

"அவனுக்கு எவ்வளவுன்னு பாரும்மா."

"ஒண்ணு பாயிண்ட் எட்டு."

மச்சான் டாக்டரைப் பார்த்தார். "இதுல பிடிச்சா நிறுத்த முடியுமா?"

"இன்னைக்கே மருந்து ஆரம்பிச்சா ரொம்ப வருஷத்துக்கு அப்படியே நிறுத்தி வைக்கலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா சொல்ல முடியாது." டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமலே தொடர்ந்தார். "உங்களுக்கு ரெண்டு பாயிண்ட் எட்டு. கட்டுப்பாட்ட விட்டதால ஏறியிருக்கு. நாப்பத்தாறு பேரையும் இன்னைக்கே கூப்பிட்டுச் சொல்லிடறேன். தப்பு எங்களோடதுதான்."

"என்னுதுதான் தெரிஞ்ச வியாதியாச்சே," என்றார் மச்சான். "இவனுக்குச் சீட்டு எழுதுங்க."

இரண்டாம் மாடியில் நோயாளிகள் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு லேப் அம்மாவே எழுத உட்கார்ந்தாள். பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. பதினோரு வருஷமாக ரத்தம் எடுத்தவள், அவர் பெயரை அவரிடமே கேட்டு எழுதினாள். அடுத்த கட்டம், நோயாளியுடன் வந்தவர்.

"நான்தான்," என்றார் மச்சான்.

"நீங்களும் நோயாளி. நோயாளி கூட ஒரு ஆரோக்கியமான ஆள்தான் வரணும்னு விதி."

"அப்ப எனக்கு இத்தன மாசமா யாரு கையெழுத்துப் போட்டது?"

லேப் அம்மா பழைய பக்கங்களைப் புரட்டினாள். மாதாமாதம் லிஃப்ட்காரரின் கையெழுத்துதான் இருந்தது.

"அவனும் நோயாளியாத்தான் இருந்திருக்கான்," என்றார் மச்சான். "அப்பவும் என்கூட வந்தான்ல? பேனாவக் குடும்மா."