துடைத்த தரை

சந்திரமதிக்கு அலுத்துவிட்டது. நகராண்மை மன்றத்தின் வரைபடப் பிரிவில் அவர் வேலை, திரையில் தெரியும் சிவப்புப் புள்ளிகளைப் பச்சையாக்குவது. மக்கள் கைப்பேசியில் புகார் கொடுத்தால் அந்த இடத்தில் சிவப்பு விழும். ஆள் போய்ப் பார்த்து, படம் எடுத்து அனுப்பினால் பச்சையாகும். ஒன்றை அணைத்தால் இரண்டு முளைக்கும் என்று இந்த வரைபடத்தின் திறப்பு விழாவில் யாரும் சொல்லவில்லை.

தாமான் மெலூர் குடியிருப்பின் கடைசி வீட்டுப் புள்ளி மட்டும் பச்சையாவதும் மறுபடி சிவப்பதுமாக உயிரை வாங்கியது. வீட்டுக்காரி காளியம்மா. மழை பெய்தால் லோங்காங் கால்வாய் அடைத்துக்கொண்டு சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, பக்கவாதத்தில் விழுந்த கணவர் தரையில் மெத்தையில் கிடக்கிறார் என்பது புகார். போன ஆட்கள் அனுப்பிய படங்களிலோ தரை பளபளத்தது. இந்தத் தடவையும் பொய் என்றால் புகாரை ஒரேயடியாக மூடிவிடச் சொல்லிவிட்டார் மேலதிகாரி ஜெயபாலன். முட்டி வலியோடு சந்திரமதியே கிளம்பினார்.

கார் கதவைச் சாத்தும்போதே உள்ளே விளக்குமாறு சரசரத்தது. காளியம்மா ஈரக் கையோடு வந்து வரவேற்றார். தரை துடைத்தாயிற்று. மெத்தையின் நனைந்த ஓரத்தின்மேல் சலவைப் போர்வை விரித்தாயிற்று.

“ஏங்கா, ஆள் வர்றப்பலாம் இப்படித் தொடச்சிடுவீங்களா?”

“பின்ன? ஆபீஸ்லருந்து வர்றவங்கள சேத்துலயா நிக்க வைக்கிறது? என்ன மேடம் நீங்க!”

சந்திரமதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. படத்தைத் தவிர எதையும் நம்பாத மன்றம், அழுக்கைப் படத்தில் விடாத பெண். இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த மனிதர் ஈரத்தில் கிடக்கிறார்.

“நான் இங்கேயே இருக்கேன்கா. மழை வரட்டும். விளக்குமாத்தத் தொடாதீங்க.”

சாயங்காலம் மழை கொட்டியது. கறுப்புத் தண்ணீர் வாசற்படி தாண்டி மெத்தையைத் தொட்டது. காளியம்மாவின் கை தானாக விளக்குமாற்றுக்குப் போனது. சந்திரமதி அதைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கக்கா. இது தெரியணும்.”

காளியம்மா கணவரின் முகத்தைத் துண்டால் மூடிவிட்டு, தானும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சந்திரமதி படம் எடுத்து அனுப்பினார். ஜெயபாலனிடமிருந்து உடனே பதில் வந்தது. நாளைக்கே லோரியும் ஆட்களும் வருவார்கள்.

அதைச் சந்திரமதி சொன்ன பிறகும் காளியம்மா திரும்பவில்லை.

“அந்தப் படத்த வேற யாரும் பாக்க மாட்டாங்கதானே, மேடம்?”

வரைபடத்தில் புள்ளியைத் தொட்டால் ஊரே பார்க்கலாம். அந்தப் படத்தை அங்கிருந்து நீக்கச் சந்திரமதிக்கு அதிகாரமில்லை.

“மாட்டாங்கக்கா,” என்றார்.