புதையல்கார வீடு

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் காலையில் பெட்டியைப் பற்றவைத்தால் என் மருமகள் ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் திறந்துவிடுவேன். கொட்டாங்குச்சி எரிகிற வாசனை உங்களுக்கு எப்படியோ தெரியாது. கல்யாணமான புதிதில் என் புடவையிலும் தலைமயிரிலும் தின்கிற சோற்றிலும் அந்த வாசனைதான். ஜன்னல் எப்படித் திறந்தது என்று மருமகள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறாள். பார்க்கட்டும், எனக்குப் பழக்கம்தான்.

யுத்தக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸைக் கரியில் ஓட்டினார்கள். பின்னால் ஆள் உயர இரும்பு உருளை ஒன்று இருக்கும். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கிளீனர் கைவலிக்க விசிறியைச் சுற்றினால்தான் வண்டி உறுமும். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டும் வாங்கி வண்டியும் தள்ளிய புண்ணியவான்கள் நாங்கள். திருத்தணியிலிருந்து அரக்கோணத்துக்கு முதல்முதலாகக் கடைசி சீட்டில் உட்கார்ந்து போன நான், மூக்கு நுனி கறுத்துப்போய் இறங்கினேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் கண்ணெல்லாம் கரி மூட்டைமேல் இருந்தது. நூல் கிடைக்காமல் அவருடைய தறி சும்மா கிடந்த நேரம் அது.

"இத்தினி கரி எங்கேருந்துப்பா வருது?" என்று கிளீனரைக் கேட்டார்.

"வந்தாத்தான் தேவலையே! கெடைக்காம ஓனரு அலைஞ்சிகினு கீறாரு."

திருத்தணியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் தேங்காய்க்குப் பஞ்சம் வராது. கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம் வரும். மலையடியில் இருந்த சத்திரங்களின் பின்கட்டில் கொட்டாங்குச்சி குவிந்து கிடக்கும். ஆடிக் கிருத்திகை என்றால் கேட்கவே வேண்டாம். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று சத்திரத்துக்காரர்களே சொல்வார்கள். மலைக்குப் பின்புறம் ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்தோம். குழி வெட்டி, கொட்டாங்குச்சியைக் கொட்டிக் கொளுத்தி, கனிந்து வரும்போது தகரத்தால் மூடி, மேலே மண் போட்டு மெழுக வேண்டும். துளிக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். புகை கசிகிற இடமெல்லாம் ஈரமண்ணை அப்பிக்கொண்டு ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறியபின் தோண்டிச் சாக்கில் கட்டி, விடிவதற்குள் மாட்டுவண்டியில் அரக்கோணத்துக்கு அனுப்புவோம்.

கரி எங்கே போகிறது என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது அவர் உத்தரவு. தெரிந்தால் ஊரே குழி வெட்டும் என்று பயம். நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் ஒரு ஜோடி கம்மல் வாங்கிப் போட்டதுதான் தாமதம், எதிர்வீட்டு ராஜம்மா குழாயடியில் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்குப் பொதைக்கறாங்க, நாளைக்குத் தோண்டறாங்க. விடியறதுக்குள்ள சாக்கு மூட்டை வண்டி ஏறுது. கொட்டாங்குச்சியாம்! யாரு காதுல பூ சுத்தறா? பொகையப் போட்டு மறைச்சிகினு பொதையல் எடுக்கறாங்க."

அதற்கப்புறம் யார் என் வீட்டுக்கு மோர் கொண்டுவந்தாலும் நான் அவர்கள் கண்ணைத்தான் பார்ப்பேன். கண் சாக்குமேல் போகும். மோரைக் கீழே கொட்டிவிடலாம் போல இருக்கும். கொட்டமாட்டேன், குடித்துவிடுவேன்.

அந்த மனையை வாங்கி வீடு கட்ட வேண்டும் என்பதுதான் என் வீட்டுக்காரருடைய ஒரே ஆசை. வாடகைச் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு வளர்ந்தவர். மனைக்காரர் முனுசாமி, "ஒழைக்கறவனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பேன்" என்று முதலில் வாக்குக் கொடுத்திருந்தார். பத்திரம் எழுத நாங்கள் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு போன அன்று அவர் முகம் சரியில்லை.

"மனசு வரலப்பா. உள்ள இன்னா கீதுன்னு தெரியாம பூமிய எப்டிக் குடுக்கறது?"

"கரித்தூளுதான் கீது நைனா. வேணும்னா ஆள உட்டுத் தோண்டிப் பாருங்க."

நிஜமாகவே ஆள் விட்டுத் தோண்டினார். கரித்தூளைத் தவிர ஒன்றும் வரவில்லை. அப்பாடா, பிடித்த சனியன் விட்டது என்று நினைத்தேன். மனைக்காரர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"அதான் எல்லாத்தையும் எடுத்துகினியே. இல்லாங்காட்டி தோண்டுன்னு இம்மாந் தெகிரியமா சொல்வியா?" சொல்லிவிட்டு விலையை இரண்டு மடங்காக்கினார். "பொதையல் எடுத்த கைக்கு இதெல்லாம் ஒரு காசா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும், "ஆங், சரிங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் வெளுத்த வேட்டியை மடித்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். யுத்தம் முடிந்தது. அப்போதும் கரி பஸ் சில காலம் ஓடியது, நாங்களும் விடாமல் எரித்தோம். என் புருவத்தில் பாதி அந்த வருஷங்களில் பொசுங்கியதுதான். ஒருவழியாக மனையை வாங்கி வீட்டையும் கட்டினோம். ஊர் அதற்குப் புதையல்கார வீடு என்று பெயர் வைத்தது. புதிதாக வருகிற தபால்காரர்கூட அப்படிச் சொல்லித்தான் வழி கேட்பார். கோயில் நன்கொடைக்கு எங்கள் வாசலில்தான் முதல் போணி.

"கரி வித்துச் சம்பாதிச்சோம்னு இப்பவாவது சொல்லுங்களேன்" என்பேன்.

"சொன்னா நம்பிடுவாங்களா? நம்பினா அவுங்களும் ஒழைக்கணுமே" என்று சிரிப்பார்.

அவர் போனபிறகு என் மகன் வீட்டை இடித்து லாட்ஜ் கட்ட ஏற்பாடு செய்தான். கரி பஸ் போய், சத்திரங்களில் பாதி போய், கிருத்திகைக் கூட்டத்துக்கு இப்போது குழாயும் கண்ணாடியும் வைத்த அறை வேண்டியிருக்கிறது. அஸ்திவாரம் வெட்டுகிற அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து குழியோரத்திலேயே நின்றான். மேஸ்திரி ஏமாற்றிவிடுவாராம். ஆனால் அவன் கண் மேஸ்திரிமேல் இல்லை, மண்வெட்டி நுனியிலேயே இருந்தது. இடுப்பளவு வெட்டியதும் மண் கறுத்து வந்தது. எங்கள் கரி. ஒரு கை அள்ளலாம் என்று குனிந்தேன்.

"அது ஒண்ணும் இல்லம்மா, வெறும் கரி" என்று என்னைப் பிடித்து நகர்த்திவிட்டு, ஆளைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுப்பா" என்றான்.

ராஜம்மா பேசியபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு அழுகை வந்தது. அந்தக் கரியை லாரியில் ஏற்றி எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்களோ, நான் கேட்கவில்லை.