மலைக்குப் போனவர்கள்

எங்கள் ரயில்வே லைன் வீடுகளில் யாரும் குடித்ததே இல்லை, மலைக்குத்தான் போனார்கள். மைசூரில் மலை என்றால் சாமுண்டி மலை. லேசாகப் போட்டிருந்தால் ‘அடிவாரத்தில் இருக்கார்’. கால் பின்னினால், பாதி மலையில் இருக்கிற ‘நந்தி வரைக்கும் போயிட்டார்’. பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் ‘உச்சி’. பெண்கள் குழாயடியில் முகம் கோணாமல் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடிப்பதையும் குடித்துவிட்டு இவர்களுக்குப் புண்ணியக் கணக்கு வேறா?

அப்பா எஞ்சின் டிரைவர். வேலைக்குக் கூப்பிட ஷெட்டிலிருந்து ஒரு கிழவர் வருவார். அம்மா ‘நந்தி’ என்று சொல்லிவிட்டால் போதும், மறுபேச்சில்லாமல் அடுத்த டிரைவர் வீட்டுக்குப் போய்விடுவார். மேலே யாருக்கும் விஷயம் போகாது. அந்த வழக்கத்தில்தான் எங்கள் லைன் பிழைத்துக்கொண்டிருந்தது.

அது தசரா சமயம். ஸ்பெஷல் வண்டிகளுக்கு எல்லா டிரைவர்களும் போய்விட்டார்கள். சாயங்காலம் கிழவர் வந்தபோது அம்மா வழக்கம்போல் நந்தி என்றாள். அவர் நகரவில்லை. நஞ்சன்கூடு வண்டிக்கு வேறு ஆளே இல்லை என்றார்.

“நந்திதானேம்மா, உச்சி இல்லையே. மூஞ்சி கழுவி அனுப்பு.”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு அத்தைதான் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். அவள் புருஷன்தான் அந்த வண்டியில் கரி போடும் ஃபயர்மேன். தன் வீட்டுக்காரர் கூடவே இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று அம்மாவைத் தேற்றினாள். இரண்டு பேருமாக அப்பாவின் தலையில் தண்ணீர் ஊற்றி, சட்டை மாட்டி அனுப்பினார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

லைனை ஒட்டிய ரயில்வே கேட்டைத் தாண்டும்போது அப்பா எப்போதும் எங்களுக்காக ஒரு ஊதல் விடுவார். அன்று அந்த ஊதல் நிற்கவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. நந்தியிலிருந்து கூப்பிடுகிறார் பார் என்றாள் அத்தை. குழாயடியே சிரித்தது. அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழியில் நின்றிருந்த கூட்ஸ் வண்டிமேல் எஞ்சின் மோதியது. அப்பாவுக்குக் கை போயிற்று. அத்தையின் புருஷன் வீட்டுக்கு வரவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு டிரைவர் எந்த நிலையில் கிளம்பினார் என்று கேட்டார். கிழவர் தரையைப் பார்த்தார். லைன் முழுவதும் சுற்றி நின்றது. ஒரு வார்த்தை தவறினால் அப்பாவுக்கு ஜெயில். “அவர் மலைக்கு…” என்று ஆரம்பித்த அம்மா அத்தையைப் பார்த்தாள்.

வெறும் கழுத்தோடு உட்கார்ந்திருந்த அத்தை தலை நிமிர்ந்தாள்.

“குடிச்சிருந்தாருங்க. நாந்தான் மோர் குடுத்து அனுப்பினேன்.”